பஞ்சுவின் மாத்திரையும் என் 6,240 ரூபாயும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனால் போகிறது என்று விட்டுவிடுவேன். அப்படி விட்டுவிடுகிறவர்களை வைத்துத்தான், நாய்க்குப் பொய் மருந்து விற்கிற இந்த மாதிரி இணையக் கடைகள் ஓடுகின்றன. போனது 6,240 ரூபாய். கார் வாடகை, ஊசி, ஆக்சிஜன் செலவெல்லாம் தனி.

பஞ்சு, பள்ளத்தூரில் ஆத்தாவோடு இருக்கும் பாமரேனியன். பதினோரு வயது, ஒன்பது கிலோ. அப்பச்சி (எங்கள் அப்பா) போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் ஆத்தாவுக்குப் பேச்சுத்துணை அதுதான். நான் காரைக்குடியில், தம்பி சிங்கப்பூரில். போன வருஷம் பஞ்சு இரவில் இருமத் தொடங்கியது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாழைப்பழமெல்லாம் கொடுத்துப் பார்த்தோம். கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோய் எக்கோ எடுத்தால், இதய வால்வு தடித்து ரத்தம் பின்பக்கமாகக் கசிகிறது என்றார் டாக்டர். சின்னச் சாதி நாய்களுக்கு வயதானால் அதிகம் வருவதாம். இரண்டு மருந்து எழுதினார். ஒன்று நீர் பிரியும் மாத்திரை, ஃப்ரூசமைட். மனிதர்களுக்குக் கொடுப்பதே. காரைக்குடியில் எந்த மருந்துக்கடையிலும் சீட்டைக் காட்டினால் கிடைக்கும், விலையும் சொற்பம். இன்னொன்று பிமோபெண்டான். இதயத்தை நன்றாகச் சுருங்க வைத்து, ரத்தக் குழாயைத் தளர்த்திவிடும் மருந்து. 2.5 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். இது நாய்களுக்கென்றே வருவது. நம் ஊர்க் கடைகளில் கேட்டால் பெயரைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

டாக்டரிடமே ஐம்பது மாத்திரைப் பாட்டில் 3,900 ரூபாய். இருபத்தைந்து நாளுக்கு வரும். ஏழெட்டு பாட்டில் வாங்கிய பிறகு எனக்குக் கை அரித்தது. "வெளியில் வாங்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "எழுதித் தரேன், எங்கே வேணும்னாலும் வாங்குங்க. மருந்து சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துக்குங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் விழவே இல்லை.

செல்லப்பிராணி மருந்து விற்கும் இணையக் கடை ஒன்று. பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் திறந்துவிடுவார்கள், எனக்கு நோட்டீஸ் வேறு வரும். அங்கே அதே மருந்து 3,120. இரண்டு பாட்டில் 6,240. டாக்டரிடம் 7,800 ஆகியிருக்கும். மிச்சம் 1,560 என்று கையில் காகிதம் இல்லாமலே கணக்குப் போட்டேன். ஐந்தொகை, அதாவது வரவு செலவுக் கணக்கு, எழுதாமல் வருஷத்தை முடிக்காத வீட்டில் பிறந்தவள் நான். வரவு மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

எதில் நம்பினேன் என்று இப்போது யோசித்தால் வயிறு எரிகிறது. மலிவைப் பார்த்து மட்டும் நம்பவில்லை. அவர்கள் டாக்டர் சீட்டு கேட்டார்கள். சீட்டு இல்லாமல் அனுப்ப மாட்டோம் என்றார்கள். படம் எடுத்து அனுப்பிய பத்தாவது நிமிஷம் ஒரு பெண் போன் செய்தாள். "மேடம், எடை ஒன்பது கிலோதானே? 2.5-தானே வேணும்? சரி பார்த்துக்கறோம்" என்றாள். அதோடு விட்டாளா? "பேர் என்ன மேடம்? பஞ்சுவா! சோ ஸ்வீட். இப்போ இருமல் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். என் சொந்த அண்ணி கேட்டதில்லை அந்தக் கேள்வியை. அப்புறம்தான் மெதுவாக, "இது ஸ்பெஷல் மருந்து மேடம், பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுக்கிற வசதி இதுக்கு இல்லை, முன்னாடியே கட்டிடுங்க" என்றாள். கட்டினேன். 6,240 ரூபாய், ஒரே தட்டில்.

நாலு நாளில் வரும் என்றார்கள், ஒன்பது நாள் ஆனது. பார்சல் நேராகப் பள்ளத்தூருக்குப் போனது. பழைய பாட்டிலில் இரண்டே மாத்திரை மிச்சம் இருந்ததால், வந்ததும் வராததுமாக ஆத்தா புதிய பாட்டிலைத் திறந்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எழுபத்தாறு வயதுக் கண்ணுக்கு அந்த எறும்பு எழுத்து தெரியுமா?

மூன்றாம் நாள் போனில் ஒன்று சொன்னார். "ஏன்டி, பஞ்சு மாத்திரையைத் துப்புது." எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அந்த மாத்திரை இறைச்சி வாசனையோடு இருக்கும், பஞ்சு அதைப் பலகாரம் மாதிரித் தின்னும். மூடி திருகுகிற சத்தம் கேட்டாலே இரண்டாம் கட்டிலிருந்து ஓடிவரும். "வெயிலுக்கு வாய் கசக்கும் ஆத்தா, இட்லியில் வைத்துக் கொடுங்க" என்றேன். புத்திசாலி.

ஆறாம் நாள் இரவு பத்து மணிக்கு ஆத்தா அழைத்தார். குரலே சரியில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பஞ்சு வளவில், அதாவது நடு முற்றத்தில், ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில் வயிற்றை ஒட்டிக் கிடந்தது. படுக்கிறது, எழுந்து உட்காருகிறது, கழுத்தை நீட்டுகிறது. டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார்: தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள், முப்பதுக்குள் இருக்க வேண்டும், தாண்டிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். வழக்கமாக 24, 25 வரும். போனில் நேரம் வைத்து எண்ணினேன். 46. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். 48.

கார் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் பாட்டிலைக் கையில் எடுத்தேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் லேபிளின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. விரலை நனைத்துத் தேய்த்தேன். மேல் ஸ்டிக்கர் சுருண்டு வந்தது. அடியில் இன்னொரு லேபிள். அதில் 1.25 மில்லிகிராம். காலாவதித் தேதி முடிந்து ஏழு மாதம். மேலே ஒட்டியிருந்ததில் 2.5 என்றும் அடுத்த வருஷத் தேதியும். இரண்டாவது பாட்டிலும் அச்சு அசல் அப்படியே. ஆக ஆறு நாளாகப் பஞ்சுவுக்குப் போனது பாதி மருந்து, அதுவும் செத்த மருந்து.

மதுரைக்கு 90 கிலோமீட்டருக்குப் பக்கம். திருப்பத்தூர் தாண்டும்வரை ஆத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. மேலூரில்தான், "நான்தானே கையால கொடுத்தேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தக் கடைக்காரனை நான் விடப்போவதில்லை. ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, மறுநாள் சாயங்காலம் மூச்சு 32-க்கு வந்த பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள்.

இனி அந்தக் கடையின் கதை. முதல் நாள் படங்களை அனுப்பினேன். "சிரமத்துக்கு வருந்துகிறோம், 48 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம்" என்று தானாக வரும் பதில். மூன்றாம் நாள் நானே அழைத்தேன். பஞ்சுவைக் கொஞ்சிய அதே பெண்தான், குரல் தெரிந்தது. "பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா மேடம்?" என்றாள். எழுபத்தாறு வயதுக்காரர் ஒரு கையில் கத்தரிக்கோலும் ஒரு கையில் போனும் வைத்துக்கொண்டு பிரிக்க வேண்டுமாம். இல்லை என்றதும், "சீல் உடைச்ச மருந்தைத் திருப்பி எடுக்கறதில்லை மேடம்" என்றாள். ஒரு பாட்டில் சீல் உடைக்கவில்லையே என்றேன். "அதுல ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கே மேடம்." கேட்டுக்கொள்ளுங்கள்! அவர்கள் ஒட்டிய பொய்யை நான் கிழித்தது என் குற்றம்.

அடுத்து மேலாளர் என்று ஒருவர். டாக்டர் கையெழுத்து புரியவில்லை, 1.25 என்றுதான் தெரிந்தது என்றார். அப்படியானால் மேலே 2.5 என்று ஒட்டியது யார் என்று கேட்டேன். லைன் சரியில்லை என்றார். மறுநாள், பெரிய மனது பண்ணி, அடுத்த ஆர்டருக்கு 200 ரூபாய் கூப்பன் அனுப்பினார்கள். என் 6,240-க்கு 200, அதுவும் அவர்களிடமே வாங்கினால்! அதற்குப் பதில் எழுதினேன், ஒரு டிக்தான் விழுந்தது. பிளாக் செய்துவிட்டார்கள். ஆத்தா போனிலிருந்து அழைத்தால் அடிக்கிறது, என் குரல் கேட்டதும் கட்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் எண் வாங்கியிருக்கிறேன். பாட்டில், ஸ்டிக்கர், பார்சல் உறை, பணம் கட்டிய ரசீது எல்லாம் ஒரு பையில் இருக்கின்றன. சிவகங்கை நுகர்வோர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டுமென்றாலும் அலைவேன்.

வெளியில் மருந்து வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நீர் மாத்திரையை இன்றும் கல்லுக்கட்டிப் பக்கம் நம் அண்ணன் கடையில்தான் வாங்குகிறேன். அவர் ஒருமுறை தவறிப்போய் வேறு அளவு கொடுத்தபோது, நான் வீடு சேருமுன் பையனை சைக்கிளில் துரத்தி அனுப்பி மாற்றிக் கொடுத்தார். அப்படி ஒரு முகம் இல்லாத இடத்தில் வாங்கினதுதான் என் பிழை.

உங்களுக்கு விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: முழுப் பணத்தையும் முன்னால் கட்டச் சொன்னால் விலகிவிடுங்கள். பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கிறதா பாருங்கள், எனக்கு வந்த துண்டுச் சீட்டில் இரண்டும் இல்லை. விலங்கு மருந்து என்றால் லேபிளில் மனித உபயோகத்துக்கு அல்ல என்ற ஆங்கில வரியும் ஒரு விலங்குத் தலைப் படமும் இருக்க வேண்டும். லேபிள் மேல் லேபிள் இருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பழைய பாட்டில் தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்குங்கள், புதியதை டாக்டருக்குப் படம் அனுப்பிக் கேட்டுவிட்டுத் திறங்கள். தின்கிற மாத்திரையைத் துப்பினால் வெயில் என்று சொல்லாதீர்கள். மற்றது ஞாபகம் வந்தால் எழுதுகிறேன்.

பஞ்சு இப்போது பரவாயில்லை. நேற்று மூச்சு 27. டாக்டரிடமே 3,900 கொடுத்து ஒரு பாட்டில் வாங்கி வந்தேன், பேரம் பேசவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் ஆத்தா போன் செய்கிறார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு "ரெண்டு, புள்ளி, அஞ்சு" என்று படித்து, நான் சரி என்ற பிறகுதான் மூடியைத் திருகுகிறார்.