பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கிளாஸ்: வீட்டில் சிங்கிள் மால்ட் ஒப்பிட்டுக் குடித்த அனுபவம்

சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் விஸ்கி வாங்குகிற பலரும் ஒரு பாட்டிலைத் திறந்து, அதைத் தீர்த்துவிட்டு, அடுத்ததற்குப் போகிறார்கள். அப்படிக் குடித்தால் "நல்லா இருக்கு", "கொஞ்சம் காரம்" என்பதற்கு மேல் மனதில் எதுவும் தங்குவதில்லை. போன மாதம் தீர்ந்த பாட்டிலின் வாசனையை இன்று நினைவிலிருந்து எடுத்து ஒப்பிட என்னால் முடிந்ததே இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றி வைத்தால் மட்டும், அதுவரை பிடிபடாத ஒன்று சட்டென்று பிடிபடும். கிளாஸ்கோவில் குடியேறியதிலிருந்து வீட்டில் நான் குடிக்கும் விதம் இதுதான். அதில் தெரிந்துகொண்டதை, இனிமேல் வாங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. சிங்கிள் என்றால் ஒரே பீப்பாய் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வடிசாலை என்பதுதான் பொருள். பெரும்பாலும் அந்த வடிசாலையின் பல பீப்பாய்களைக் கலந்துதான் பாட்டிலில் அடைக்கிறார்கள். முழுக்க முளைகட்டிய பார்லி, பாட் ஸ்டில் எனும் பானை வடிவக் கலனில் வடிப்பு, ஸ்காட்லாந்துக்குள்ளேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு, பாட்டிலில் குறைந்தது 40% ஆல்கஹால். இதெல்லாம் சட்டம். லேபிளில் 10 என்றோ 16 என்றோ போட்டிருந்தால், உள்ளே இருப்பதில் மிக இளையதன் வயது அது.

ஏற்பாடு எளிமையானது. துலிப் மொக்குபோல வாய் குறுகிய க்ளென்கெய்ர்ன் கிளாஸ் இரண்டு இருந்தால் போதும். ஒவ்வொன்றிலும் 15 மில்லிதான் ஊற்றுவேன். அதற்கு மேல் போனால் இரண்டாவது கிளாஸைப் பற்றிய தீர்ப்பை நம்ப முடியாது. நேரம், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால். நம் வீட்டுச் சாப்பாட்டில் பூண்டும் மிளகும் பச்சைமிளகாயும் இல்லாத நாள் ஏது? ரசம் குடித்த நாக்குக்கு மால்ட்டின் மெல்லிய சுவைகள் ஒரு மணி நேரத்துக்கு எட்டாது.

தண்ணீர் விஷயத்தில் கிளாஸ்கோ கொடுத்துவைத்த ஊர். குழாயில் வருவது லாக் கேட்ரின் ஏரித் தண்ணீர். சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. லண்டன்போலக் கெட்டித் தண்ணீர் வரும் ஊர் என்றால், தாது உப்பு குறைவான பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அப்படியே ஒரு வாய், பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். இதற்கு அறிவியல் ஆதாரமும் உண்டு. 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினியில் மூலக்கூறுகளின் நடமாட்டத்தைப் பார்த்தார்கள். புகைவாசனை தருகிற குவயகால் என்ற பொருள், ஆல்கஹால் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கும்போது மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது. ஆல்கஹால் மிக அதிகமாக இருக்கும்போது உள்ளேயே அமுங்கிக் கிடக்கிறது. வீட்டில் மூக்கும் அதையேதான் சொல்கிறது.

இனி, நான் அதிகம் திரும்பத் திரும்ப ஊற்றிய மூன்று பாட்டில்கள். ஸ்காட்லாந்தின் ஐலா தீவின் தென்கரையில், போர்ட் எலன் ஊரிலிருந்து கிழக்கே போகிற ஒரே சாலையில் லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் என்று மூன்று வடிசாலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. நடந்தே போய்வரலாம், சாலையை ஒட்டி நடைபாதை போட்டிருக்கிறார்கள். மூன்றிலும் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் கரியின் புகையில் உலர்த்திய பார்லிதான். அதே கடற்காற்று, அதே தீவு. குடித்துப் பார்த்தால் மூன்றும் மூன்று திசை.

லஃப்ராய்க் 10 கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் டிஞ்சரும் டெட்டாலும் கலந்த ஆஸ்பத்திரி நெடி. அதன் பின்னால் கடற்பாசி, கடைசியில் மெல்லிய வெனிலா. பக்கத்தில் ஆர்ட்பெக் 10 வைத்துப் பாருங்கள். பார்லியில் ஏறும் புகையை, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று ஃபீனால் அளவாகக் கணக்கிடுவார்கள். ஆர்ட்பெக்குக்கு அது சுமார் 55, லஃப்ராய்க்குக்கு 40 சொச்சம். காகிதத்தில் ஆர்ட்பெக் பெரிய ராட்சசன். கிளாஸில் பார்த்தால் அதில் எலுமிச்சைத் தோல் மணக்கிறது, புகைக்கு நடுவே ஓர் இனிப்பு ஓடுகிறது, மருந்து நெடி குறைவு. காரணம் கலனில் இருக்கிறது. ஆர்ட்பெக்கின் இரண்டாம் வடிப்புக் கலனில் ப்யூரிஃபையர் என்று ஓர் உறுப்பு உண்டு. கனமான ஆவியைக் குளிரவைத்துத் திரும்பக் கலனுக்கே அனுப்பிவிடும். லேசானதும் பழவாசனை உள்ளதும் மேலே தப்பிப் போகும். அதோடு அந்த எண் பார்லியில் அளந்தது. வடிப்பிலும் பீப்பாயிலும் புகையில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஃபீனால் எண்ணைப் பார்த்து பாட்டில் வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

லாகவூலின் 16 இவற்றோடு சேர்ந்து வரும்போது நிதானமாக வருகிறது. பதினாறு ஆண்டில் புகையின் முனை மழுங்கி, பேரீச்சம்பழமும் காய்ந்த திராட்சையும் முன்னால் வந்து நிற்கின்றன. விழுங்கிய பின்னும் வெகுநேரம் புகை தொண்டையிலேயே தங்கும். 43 சதவீதத்தில்தான் அடைக்கிறார்கள். அது 46 ஆக இருந்திருந்தால் இன்னும் எழும்பி நின்றிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

46 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. அதற்குக் கீழே ஆல்கஹால் குறைந்தால், குளிரிலோ தண்ணீர் சேர்த்தாலோ விஸ்கி கலங்கும். அந்தக் கலக்கம் வரக்கூடாது என்று பல நிறுவனங்கள் விஸ்கியைக் குளிரவைத்து வடிகட்டுகின்றன. கலங்கவைக்கும் கொழுப்புப் பொருள்களோடு, வாயை நிரப்புகிற வழுவழுப்பிலும் கொஞ்சம் போய்விடுகிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். வீட்டிலேயே பார்க்கலாம். ஆர்ட்பெக் 10 குளிர்வடிகட்டல் இல்லாதது, 46 சதவீதம். அதில் ஃப்ரிஜ் தண்ணீரைத் தாராளமாக விட்டு விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிறிய பொன்னிறத்தில் மங்கலாக ஒரு மூட்டம் பரவும். குளிர்வடிகட்டிய 40 சதவீத மால்ட்டில் அதே தண்ணீரை விட்டால் கண்ணாடியாக அப்படியே இருக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். E150a என்ற காரமல் சாயம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. கரும்பொன் நிறத்தைப் பார்த்து "நல்லா ஊறியிருக்கு" என்று கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பீப்பாய் செய்யும் வேலையைப் பார்க்க க்ளென்மோரஞ்சிதான் சரி. ஸ்காட்லாந்திலேயே மிக உயரமான கலன்கள் டெய்ன் ஊரில் இருக்கும் இந்த வடிசாலையில்தான். கழுத்து மட்டுமே 5 மீட்டருக்கு மேல். அதனால் வடிவது மிக லேசான, பூவாசனைச் சரக்கு. இவர்களின் ஒரிஜினல் என்ற விஸ்கி முழுக்க, போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி ஊறிய அமெரிக்க ஓக் பீப்பாயில் வளர்ந்தது. லசான்டா என்ற இன்னொன்றும் அதே சரக்குதான்; கடைசிக் காலத்தை ஷெர்ரி ஒயின் பீப்பாயில் கழித்தது. ஒரே மாவில் ஊற்றிய இட்லியும் தோசையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆரஞ்சுத் தோல், வெனிலா, தேன்; மற்றதில் திராட்சை, சுக்கு, வறுத்த கொட்டை. எனக்கு ஒரிஜினல்தான் பிடிக்கும். லசான்டாவில் ஷெர்ரி மேலே பூசினாற்போல நிற்கிறது. ஷெர்ரி வேண்டுமென்றால் க்ளென்ஃபார்க்லஸ் 15க்கு நேராகப் போய்விடலாம். 46 சதவீதம், 1865 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் வடிசாலை, சாயம் சேர்ப்பதில்லை.

பாட்டில் திறந்த பிறகு நடப்பதைப் பற்றிக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. திறந்த அன்று மூடிக்கொண்டு இருக்கிற மால்ட் சில வாரத்தில் மலரும். க்ளென்ஃபார்க்லஸில் இதைத் தெளிவாகப் பார்த்தேன். முதல் கிளாஸில் மூக்கைக் குத்திய ஆல்கஹால், விஸ்கி பாட்டிலின் தோளுக்குக் கீழே இறங்கிய பிறகு விலகி, உள்ளே இருந்த அக்ரூட்டும் ஆரஞ்சும் வெளியே வந்தன. புகை மால்ட்டுகளுக்குக் கதை வேறு. லஃப்ராய்க் பாதிக்குக் கீழே இறங்கி ஆறேழு மாதம் கிடந்தால் டிஞ்சர் நெடி தணிந்து, இனிப்பு மட்டும் தட்டையாக மிஞ்சுகிறது. உள்ளே இருக்கும் காற்று செய்கிற வேலை இது. மூன்றில் ஒரு பங்குக்கு வந்ததும் சின்ன பாட்டிலுக்கு விளிம்புவரை ஊற்றி மூடிவைத்தால் அந்த இழப்பு வெகுவாகக் குறைகிறது. வெயில் படாத அலமாரி, நிமிர்ந்த பாட்டில். ஒயின்போலப் படுக்கவைத்தால் ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும்.

திரும்ப வாங்குவேனா? ஆர்ட்பெக் 10 தீர்ந்தால் அந்த வாரமே வாங்கிவிடுவேன். மூன்றில் கொடுத்த காசுக்கு அதிகம் தருவது அதுதான். லாகவூலின் 16 குளிர்காலத்துக்கு மட்டும். லஃப்ராய்க் 10 பிடிக்கும், ஆனால் இங்கே 40 சதவீதத்தில் விற்பது மெலிந்து தெரிகிறது. வெளிநாட்டுக் கடைகளில் 43 சதவீதப் பாட்டில் கண்ணில் பட்டால் அதை எடுங்கள். ஸ்காட்லாந்தின் கேம்ப்பெல்டவுன் ஊரில் வடிக்கும் ஸ்ப்ரிங்பேங்க் 10 இவை எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமானது. பார்லி முளைகட்டுவதிலிருந்து பாட்டிலில் அடைப்பதுவரை ஒரே இடத்தில் செய்கிறார்கள். தேவை அவ்வளவு, வரத்து இவ்வளவு என்பதைக் காட்டி ஒரு கடையில் வழக்கமான விலையைப்போல இரண்டு மடங்கு கேட்டார்கள். அந்த விலைக்கு வாங்க மாட்டேன். சரியான விலையில் எங்கே கண்டாலும் விடமாட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முழு பாட்டிலுக்குப் போகாமல் 50 மில்லி மினியேச்சர்களாக வாங்கலாம். ஒரு லஃப்ராய்க், ஒரு ஆர்ட்பெக். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மாலைக்குத் தாராளம்.