கறைக்கு எலுமிச்சையா, வெயிலா, பிளீச்சிங் பவுடரா?

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் எங்கள் ஊரில் துணிக்கொடியைப் பார்த்தாலே அந்த வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று சொல்லிவிடலாம். பால்வெட்டுக்குப் போகிறவர் சட்டையில் ரப்பர் பால், வாழைக்குலை சுமப்பவர் தோளில் கறுப்புக் கறை, ஓணம் முடிந்த மறுநாளானால் வெள்ளை முண்டில் சாம்பார் மஞ்சள். ஆனால் மூன்றுக்கும் எல்லோரும் சொல்வது ஒரே மருந்து, எலுமிச்சம்பழம். இதனால் நல்ல துணிகள் வீணாவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

முதலில் ரப்பர் பால். இதில் எலுமிச்சை கெடுதல்தான் செய்யும். ரப்பர் ஷீட் அடிக்கிறவர்களைக் கேளுங்கள், பாலை உறைய வைக்க அவர்கள் ஊற்றுவதே ஆசிட். எலுமிச்சைச் சாறும் அமிலம் என்பதால் ஈரப் பாலின் மேல் பிழிந்தால் நூலுக்குள்ளேயே ரப்பர் உறைந்துவிடும். காய்வதற்குள் பச்சைத் தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் போய்விடும். காய்ந்து ஒட்டுப்பால் (மரத்திலேயே காய்ந்து ஒட்டிய ரப்பர்) மாதிரி ஆகிவிட்டால் சோப்பும் தண்ணீரும் ஒன்றும் செய்யாது, மண்ணெண்ணெய் தொட்டு ஒற்றி, ரப்பர் ஊறி உப்பியதும் விரலால் உருட்டி எடுக்க வேண்டும் (அடுப்புப் பக்கம் வைத்துச் செய்யாதீர்கள்). சக்கைப் பாலுக்கு (பலாப்பழப் பால்) அதுவும் தேவையில்லை, சக்கை வெட்டும்போது கையில் தேய்க்கிற அதே தேங்காய் எண்ணெய் போதும், அப்புறம் எண்ணெய்ப் பிசுக்கைப் பாத்திரம் கழுவும் சோப்பால் எடுத்துவிடலாம்.

மஞ்சள் கறையில்தான் உண்மையான போட்டி. சோப்புப் போட்டதும் கறை சிவந்துவிடுகிறதே என்று பலர் பயந்து உடனே பிளீச்சிங் பவுடரைத் தேடுகிறார்கள். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே காரியம்தான் இது. சோப்பின் காரம் போக அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும். அந்த ஈரத்தோடு கறை படிந்த பக்கம் மேலே தெரியும்படி நல்ல வெயிலில் விரித்துப் போடுங்கள். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். ஒரே நாளில் போகாவிட்டால் மறுநாளும் நனைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். பிளீச்சிங் இதைவிட வேகம், மறுக்க மாட்டேன், மழைக்காலத்தில் வெறும் வெள்ளைப் பருத்தித் துணிக்கு அதைப் பயன்படுத்தலாம். கசவு (ஜரிகைக் கரை) வைத்த முண்டில் மட்டும் வேண்டாம். அம்மாவின் முண்டில் நான் ஒருமுறை போட்டேன், மஞ்சள் போனது, கூடவே கசவும் கறுத்துவிட்டது, அம்மா அதை மறுபடி உடுத்தவே இல்லை. பட்டிலும் கம்பளியிலும் பிளீச்சிங் நூலையே அரித்துவிடும். சாயத் துணிக்கு வெயிலும் ஆகாது, நிறம் மங்கும், அதற்கு ஆக்சிஜன் பிளீச்சை (குளோரின் இல்லாத பிளீச்) இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து ஊறவைப்பது மேல். இன்னொன்று, வேகமாகப் போகட்டும் என்று பிளீச்சிங்கையும் எலுமிச்சையையும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது ஆபத்து.

சொட்டு நீலம் கறையை எடுக்காது, வெள்ளையின் பழுப்பைக் கண்ணுக்கு மறைக்கும், அத்தோடு சரி.

எலுமிச்சை ஜெயிக்கிற ஒரே இடம் வாழைக்கறை, அதுவும் பட்ட உடனே என்றால் மட்டும். வாழைச் சாறு பட்டதும் கறை தெரியாது, காற்று பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கறுக்கும், புளிப்பு அதைத் தடுக்கும். அதனால் சோப்புக்கு முன்னால் எலுமிச்சையும் உப்பும் தேய்த்து அலசிவிட வேண்டும், முதலிலேயே சோப்புப் போட்டால் காரம் பட்டு இன்னும் கறுத்துவிடும். ஒரு நாள் கழிந்துவிட்டால் ஆக்சிஜன் பிளீச் கொஞ்சம் மங்க வைக்கும், ஆனால் பழைய வாழைக்கறை முழுதாகப் போய் நான் இதுவரை பார்த்ததில்லை. குலை வெட்டுவதற்கென்றே எங்கள் வீட்டில் ஒரு பழைய சாரம் (லுங்கி) தனியாகக் கிடக்கிறது.