சுட்டுக் கொல்வதா, கூண்டில் நிறுத்துவதா?

2011 மே 2 அன்று பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் ஒரு வீட்டுக்குள் புகுந்து ஒசாமா பின்லேடனை அமெரிக்கக் கடற்படை வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கிச் சண்டையில் இறந்ததாக முதலில் சொன்ன வெள்ளை மாளிகை, மறுநாளே அவரிடம் ஆயுதம் இல்லை என்று திருத்திக்கொண்டது. அவர் சாகத் தகுந்தவரா என்பதல்ல என் சந்தேகம். பிடித்திருக்க முடிந்ததா என்பதுதான்.

சுடுவதற்கான வாதம் லேசுப்பட்டதல்ல. இது போர், எதிரித் தளபதியைச் சுட யாரும் வாரண்ட் வாங்குவதில்லை என்கிறார்கள். சிறையில் வைத்தால் மீட்க ஆட்களைக் கடத்துவார்கள் என்பதும் வெறும் பயமில்லை: 1999 டிசம்பரில் கடத்தப்பட்ட இந்திய விமானத்தின் பயணிகளுக்காக விடுவிக்கப்பட்ட மசூத் அசார், அடுத்த ஆண்டே ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பைத் தொடங்கினார்.

சரி, பிடித்தால் என்ன ஆகும்? பெருவைப் பாருங்கள். ஒளிரும் பாதை என்ற மாவோயிஸ்ட் ஆயுத இயக்கத்தின் தலைவர் அபிமாயேல் குஸ்மானை 1992இல் லிமாவில் ஒரு நடனப் பள்ளியின் மாடியில் பிடித்தார்கள். முகமூடி அணிந்த ராணுவ நீதிபதிகள் முதலில் அவசரமாகத் தண்டித்தார்கள். அது செல்லாமல் போய், 2006இல் சிவில் நீதிமன்றம் மறுபடி விசாரித்து ஆயுள் தண்டனை கொடுத்தது. இதற்கிடையில் 1993லேயே சிறையிலிருந்து சமாதானப் பேச்சு கேட்டு அவர் கடிதம் எழுதியிருந்தார். இயக்கம் இரண்டாகப் பிளந்தது. செத்த தலைவர் அப்படி ஒரு கடிதம் எழுத மாட்டார்.

ஆனால் பிடித்துவிட்டால் மட்டும் நீதி வந்துவிடாது. செப்டம்பர் 11 தாக்குதலின் சூத்திரதாரி என்று சொல்லப்படும் காலித் ஷேக் முகமது 2003 மார்ச்சில் பிடிபட்டார்; அந்த ஒரே மாதத்தில் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ ஆட்கள் அவரை 183 முறை நீரில் மூச்சுத் திணற வைத்தார்கள். அந்தச் சித்திரவதைதான் பிறகு வழக்கின் கழுத்தில் கல்லாகத் தொங்கியது. சுட்டவர்களைவிட இவர்கள் யோக்கியர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சரணடைய வழியிருந்தால் விசாரணை, அவர் ஆயுதத்தை எடுத்தால் துப்பாக்கி: என் கோடு இது. ட்ரோன் விஷயத்தில்தான் மனம் ஒப்பவில்லை. அதனிடம் கையைத் தூக்கிப் பயனில்லை. அல்-கொய்தாவின் பிரசாரகரும் அமெரிக்கக் குடிமகனுமான அன்வர் அல்-அவ்லாகி மீது அமெரிக்க நீதிமன்றம் எதிலும் குற்றச்சாட்டு இல்லை. ஆனாலும் 2011 செப்டம்பரில் ஏமனில் ட்ரோன் தாக்குதலில் அவரைக் கொன்றார்கள். இரண்டு வாரத்தில் இன்னொரு தாக்குதலில் அவருடைய 16 வயது மகனும் இறந்தான். அவன் இலக்கு இல்லை என்றார்கள். குடும்பம் போட்ட வழக்கை 2014இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.