உயரம் அளக்கத் தெரிந்த கிளினிக்

நான் தையல் வேலை செய்பவள். ஒவ்வொரு ஜூனிலும் என் மகளின் பள்ளிப் பாவாடை மடிப்பைப் பிரித்துவிடுவேன். போன வருஷம் பிரிக்கத் தேவைப்படவில்லை. இந்த வருஷமும் அப்படியே நிற்கவும் மனசு பதறிவிட்டது. வழக்கமாகக் காட்டும் டாக்டர், "வயசுக்கு வந்தா தன்னால வளருவா" என்று அனுப்பிவிட்டார். பெண் பிள்ளைகள் வயசுக்கு வந்தபிறகு சில சென்டிமீட்டர்தான் வளருவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. டின் டினாகச் சத்துமாவு வாங்கிக் கரைத்துக் கொடுத்தேன்.

பிறகுதான் மதுரையில் குழந்தைகளுக்கான இந்த ஹார்மோன் கிளினிக்குக்குப் போனோம்.

அளந்த விதத்திலேயே நம்பிக்கை வந்தது. செருப்பு, ஹேர்பேண்ட் எல்லாம் கழற்றவைத்து, குதிகாலும் முதுகும் பலகையில் ஒட்ட, பார்வை நேராக இருக்க நிறுத்தி, சிஸ்டர் மூன்று தடவை அளந்தார். வயது 9, உயரம் 112 சென்டிமீட்டர். இந்தியப் பிள்ளைகளுக்கான 2015 வளர்ச்சி அட்டையில் கடைசிக் கோட்டுக்கும் கீழே.

டாக்டர் எங்களையும் அளந்தார். என் கணவர் 165, நான் 152. இரண்டையும் கூட்டி, பெண் பிள்ளை என்பதால் 13 கழித்து, பாதியாக்கினால் 152. வளர்ந்து முடிக்கும்போது அவள் ஏறக்குறைய எட்ட வேண்டிய உயரம் அது. ஆண் பிள்ளைக்கு 13 கூட்டுவார்களாம். ஆக, இது வெறும் குடும்ப வாகு இல்லை. பள்ளி அட்டையில் போன வருஷம் 109. இந்த வயதில் வருஷத்துக்கு 4 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலே காரணம் தேட வேண்டும் என்றார்.

இடது கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயது ஆறரைதான். ரத்தத்தில் தைராய்டு, சிறுநீரகம், கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் நோய், பெண் பிள்ளைகளுக்கு ஒரு X குரோமோசோம் குறைவதால் வரும் டர்னர் குறைபாட்டுக்காகக் குரோமோசோம் என்று ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்லியே எழுதினார். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா என்று அவசரப்பட்டுக் கேட்டேன். தைராய்டு குறைந்திருந்தால் அந்த ஹார்மோன் சோதனையே தப்பாகக் காட்டும், முதலில் இது வரட்டும் என்றார். தைராய்டு குறைவுதான். மலச்சிக்கல், வறண்ட தோல், ஓயாத சோர்வு எல்லாம் அதனால்தான். நான் அவளைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன்.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஆறு மாதத்தில் 5 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள்.

குறை என்றால் காத்திருப்பு. டோக்கன் வாங்கியும் மூன்று மணி நேரம் ஆனது. எக்ஸ்ரேவுக்கு இரண்டு தெரு தள்ளிப் போக வேண்டும். போகிறவர்கள் பழைய தடுப்பூசி அட்டை, பள்ளி உயர அட்டை எல்லாம் எடுத்துப் போங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள், அவரையும் அளப்பார்கள்.