ராணுவ உபரித் தோட்டா மருந்து: லாட் எண் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சந்தைகளில் சுட்ட தோட்டாக் கூடுகளில் மீண்டும் மருந்து நிரப்பி ரீலோடு செய்பவர்கள் தலையில் கட்டப்படும் சரக்கு இது. எட்டு பவுண்டு பிளாஸ்டிக் டப்பா, மேலே மார்க்கரில் ‘டபிள்யூசி 844’ என்று ராணுவ மருந்தின் பெயர் மட்டும் எழுதியிருக்கும். "கடையில் விற்கிற எச்335 மருந்துதான் இது, ரீலோடு புத்தகத்தில் இருக்கிற அளவையே போடுங்கள்" என்று சொல்லி விற்றுவிட்டு, திருப்பிக் கொண்டுபோனால் ‘உபரிச் சரக்குக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்று கையை விரித்துவிடுகிறார்கள்.

இரண்டும் ஒரே வகை மருந்துதான், அது உண்மை. ஆனால் தோட்டா ஆலை ஒவ்வொரு லாட்டையும் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) அழுத்தமும் வேகமும் அளந்து பார்த்து, அதற்கேற்பத் தோட்டாவில் போடும் எடையைக் கூட்டும், குறைக்கும். அதனால் லாட்டுக்கு லாட் எரியும் வேகம் மாறினாலும் ராணுவத்துக்குக் கவலையில்லை. கடையில் விற்கும் மருந்து அப்படியல்ல. புத்தக அளவு எந்த டப்பாவுக்கும் பொருந்தும்படி கலந்து சரிசெய்த பிறகே அது வெளியே வருகிறது. டபிள்யூசி 852 என்ற இன்னொரு ராணுவ மருந்து இன்னும் மோசம்: பெயர் ஒன்று, ஆனால் வேகமாக எரியும் லாட்டும் உண்டு, மெதுவாக எரியும் லாட்டும் உண்டு.

வாங்குமுன் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். நல்ல மருந்தில் ஈதர் போன்ற, தின்னர் சாயலான வாசனை வரும். மூக்கைக் குத்தும் புளித்த அமில நெடி, செம்பழுப்புத் தூசி, உலோக மூடியின் உட்புறத்தில் துரு, இதில் ஒன்று இருந்தாலும் மருந்து கெட்டுவிட்டது. மருந்தின் அடிப்படைப் பொருளான நைட்ரோசெல்லுலோஸ் சிதையும்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிடித்துவைப்பது அதிலுள்ள டைஃபினைலமின். அது தீர்ந்துவிட்டால் சூடு ஏறி, மருந்து தானாகவே பற்றிக்கொள்ளலாம். வெயிலில் காய்ந்த கிடங்குச் சரக்கு சீக்கிரம் கெடும்.

வெள்ளைத் தாளில் ஒரு கரண்டி கொட்டிப் பாருங்கள். தட்டையான உருண்டைகளுக்கு நடுவே குட்டைக் குச்சிகள் தெரிந்தால், பழைய தோட்டாக்களைப் பிரித்தெடுத்தபோது வெவ்வேறு மருந்துகள் கலந்துவிட்டன என்று அர்த்தம். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் அதைச் சுடக் கூடாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தோட்டா மருந்து வியாபாரி புரூஸ் ஹாட்ஜ்டன் விற்ற 4895 என்ற ராணுவ உபரி மருந்து நல்ல பெயர் வாங்கியது. அந்தப் பெயரின் நிழலில்தான் இன்று மார்க்கர் எழுத்து டப்பாக்களும் விலைபோகின்றன.

லாட் எண்ணோடு நல்ல சரக்கே கிடைத்தாலும், புத்தகத்தின் ஆரம்ப அளவிலிருந்து 10 சதவீதம் குறைத்துத் தொடங்கி, குரோனோகிராப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) வைத்துச் சுடுங்கள். புத்தகத்தின் உச்ச வேகம் வந்துவிட்டால், எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். துப்பாக்கியின் போல்ட் திறக்க இறுகினாலோ, தோட்டாவின் அடியிலுள்ள பிரைமர் தட்டையானாலோ அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். அடுத்த லாட்டுக்கு மறுபடி அடியிலிருந்துதான்.

கெட்ட மருந்தை ஒரு நாள்கூட வீட்டில் வைக்காதீர்கள். காய்ந்த புல் இல்லாத திறந்தவெளியில், ஒரு அங்குல உயரத்தைத் தாண்டாமல் சிறிது சிறிதாகப் பரப்பி, தள்ளி நின்று எரித்துவிடுங்கள்.