டிரைவர் மேல் போட்ட பழி: புதுக் கணினியோடு பதினைந்து மாதம்

புதுக் கணினி வீட்டுக்கு வந்து பதினைந்து மாதம் ஆகிறது. இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் முதல் ஐந்து வாரம் படாத பாடு படுத்தியது, ஏழாவது மாதத்தில் இன்னொரு பத்து நாள். விண்டோஸ் திடீரென நின்றுபோகும்போது வரும் நீலத் திரையை, அதாவது ப்ளூ ஸ்க்ரீனைப் பார்த்துப் பதறிப்போய் யாராவது கேட்கும்போதெல்லாம் என் அனுபவத்தைத் துண்டு துண்டாகச் சொல்லி வந்தேன். முழுசாக ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

16 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்5 ரேம் (கணினி வேலை செய்யும்போது தகவலை வைத்துக்கொள்ளும் நினைவகம்), தனி கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. வாங்கியதே இரண்டு வேலைக்காகத்தான். அம்மா பாடிப் பதிந்து வைத்த முப்பது கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் குடும்பப் படங்களை ஒழுங்காக ஒரு இடத்தில் சேர்க்க வேண்டும்.

முதல் தடவை பவர் பட்டனை அழுத்தியதும் விசிறி சுற்றியது, திரை மட்டும் கருப்பாகவே இருந்தது. மூன்று, நான்கு நிமிடம். கை பட்டனை நோக்கிப் போய்விட்டது. நல்லவேளை, அணைக்கவில்லை. டிடிஆர்5 ரேமை மதர்போர்டு முதன்முதலில் சந்திக்கும்போது எந்த வேகத்தில், எந்த நேர இடைவெளியில் பேசுவது என்று சோதித்துப் பார்த்துக்கொள்ளும். அதற்கு மெமரி டிரெய்னிங் என்று பெயர். சில நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தில் பொறுமையாக விட்டுவிடுங்கள்.

மூன்றாம் நாள் முதல் கேசட்டை ஓடவிட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். நான் அடுக்களையில் இருந்தேன். "அப்பா, அழுமூஞ்சி வந்திருச்சு!" என்று பையன் கத்தினான். நீலத் திரை, அதில் சோக முகம், கீழே ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல் என்ற வரி. பதிவு போய்விட்டது.

மறுநாள் மெமரி மேனேஜ்மென்ட் என்ற பிழை. இரண்டு நாள் கழித்து பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா. விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் சிவப்புக் குறியோடு கெர்னல் பவர் 41 என்று நின்றது. அதைப் பார்த்துவிட்டு பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. கணினி முறையாக அணையாமல் நின்றுபோனது என்பதைத்தான் அந்த 41 சொல்கிறது. ஏன் நின்றது என்று அதற்குத் தெரியாது.

நான் செய்த தவறு வேறு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஒவ்வொரு கிராஷுக்கும் ஒரு சின்னக் கோப்பு அங்கே சேரும். ப்ளூஸ்க்ரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் அவற்றைத் திறந்து பார்த்தேன். முதல் கோப்பு நெட்வொர்க் டிரைவரைக் காட்டியது (டிரைவர் என்பது ஒரு வன்பொருளை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்). அதை நீக்கிப் புதிதாகப் போட்டேன். அடுத்தது ஆடியோ டிரைவரைக் காட்டியது. அதையும் மாற்றினேன். அதற்கடுத்தது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையே காட்டியது. சரி, விண்டோஸையே மறுபடி நிறுவினேன். அன்று இரவே மீண்டும் நீலத் திரை. இப்படியே இரண்டு வாரம் போனது.

அப்புறம்தான் ஒரு நோட்டை எடுத்து தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், என்ன பிழை, யார் பெயர் என்று வரிசையாக எழுதினேன். ஒன்பது கிராஷ், ஆறு வெவ்வேறு பெயர்கள். எழுதிப் பார்த்ததும் விஷயம் கண்ணில் பட்டது. ஒரு டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் அதே பெயர் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் வேறொருவன் மாட்டினால், எல்லோரும் நிற்கிற தரைதான் ஆடுகிறது. ரேமில் ஒரு இடத்தில் எழுதிய எண் மாறிப்போனால், அந்த நேரத்தில் அதைப் படிக்கப் போன டிரைவர் விழும். பழி அதன் மேல்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் துவக்கி, இரவு முழுக்க ஓடவிட்டேன். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். காலையில் பார்த்தால் மூன்றாவது சுற்றில் சிவப்பு வரிகள், பதினேழு பிழை. இதில் "கொஞ்சம்தானே" என்பதற்கே இடமில்லை. ஒரு பிழை வந்தாலும் வந்ததுதான்.

பெட்டியில் ரேமின் வேகம் 6000 என்று போட்டிருந்தது. என் ரேமின் அடிப்படை வேகம் 4800. அந்த 6000 என்பது எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்ற பெயர்களில் பயாஸில் (கணினி துவங்கும்போது முதலில் ஓடும், மதர்போர்டில் இருக்கும் மென்பொருள்) நாமே இயக்குகிற ஓவர்க்ளாக், அதாவது அடிப்படையைத் தாண்டிய வேகம். என் கணினியில் அது முதல் நாளிலிருந்தே இயக்கத்தில் இருந்தது. பயாஸுக்குள் போய் அதை அணைத்து 4800க்கு இறக்கினேன். நான்கு சுற்றும் சுத்தம். பிறகு 6000இலேயே ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாக மாட்டிப் பார்த்தேன். தனித்தனியே இரண்டும் சுத்தம், சேர்த்து மாட்டினால் பிழை. ஆக, ரேம் கெடவில்லை. இரண்டையும் சேர்த்து அந்த வேகத்தில் ஓட்ட மதர்போர்டின் பழைய பயாஸுக்கு வரவில்லை. புது பயாஸின் குறிப்பிலேயே மெமரி ஒத்திசைவு மேம்பாடு என்று எழுதியிருந்தது.

பயாஸ் அப்டேட் செய்யப் போகிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, ரேம் தடுமாறும்போது அதே வேகத்தில் வைத்துக்கொண்டு பயாஸில் கை வைக்காதீர்கள். முதலில் அடிப்படை வேகத்துக்கு இறக்குங்கள். பாதியில் நின்றால் மதர்போர்டே போய்விடலாம். இரண்டு, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர். அப்டேட் முடிந்து கணினி திறந்ததும் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டு நின்றது என் கணினி. நான் பிட்லாக்கரை இயக்கியதாக ஞாபகமே இல்லை. விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழையும்போது பல கணினிகளில் அது தானாகவே இயங்கிவிடுகிறது. கீ என் கணக்கில் பத்திரமாக இருந்தது. ஃபோனில் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டினேன். முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அந்தப் பத்து நிமிட நடுக்கம் இருந்திருக்காது.

புது பயாஸ், மறுபடி 6000, மெம்டெஸ்ட் இரண்டு இரவு. ஒரு பிழையும் இல்லை.

கிராஷ் நின்றுவிட்டது, ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். ரேம் தடுமாறிய அந்த ஐந்து வாரத்தில்தான் நான் பழைய டிஸ்க்கிலிருந்து நாலாயிரம் படங்களை நகலெடுத்திருந்தேன். நகல் கோப்பும் ரேம் வழியாகத்தான் போகிறது. பவர்ஷெல்லில் கெட் ஃபைல்ஹாஷ் கட்டளையைக் கொண்டு மூலத்துக்கும் நகலுக்கும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) எடுத்து ஒப்பிட்டேன். மூன்று கோப்புகள் ஒத்துப்போகவில்லை. அதில் ஒன்று பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம். முகம் வரை சரியாக இருந்தது. தோளுக்குக் கீழே பச்சையும் ஊதாவுமாகப் பட்டை பட்டையாக ஓடியது. பழைய டிஸ்க்கை அழித்திருந்தால் அந்தப் படம் அதோடு போயிருக்கும். கிராஷ் ஆகிற கணினியில் நகலெடுத்துவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள், தயவு செய்து.

ஏழாவது மாதம் வந்தது நிஜமாகவே டிரைவர் சிக்கல். வீடியோ ஓடும்போது திரை கருத்து, சில நொடியில் திரும்ப வரும். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண். கிராஃபிக்ஸ் கார்டு இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை நிறுத்தித் திரும்ப எழுப்பும், அதன் தடம் அது. இந்த முறை நோட்டில் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வந்தது. டிவைஸ் மேனேஜரில் டிரைவரின் தேதியைப் பார்த்தேன். நான் போட்டிருந்ததைவிட எட்டு மாதம் பழசு. விண்டோஸ் அப்டேட் அதன் இடத்தில் தன் பதிப்பை வைத்துவிட்டது.

இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் டிடியூ என்ற மென்பொருளால் பழையதை வேரோடு நீக்கி, தயாரிப்பாளரின் டிரைவரைப் போட்டேன். டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸில் தானாக டிரைவர் இறக்குவதை நிறுத்தினேன். அப்போதைய ஆகப் புதிய பதிப்பிலும் திரை ஒருமுறை கருத்தது. அதற்கு முந்தைய பதிப்பு சரியாக ஓடியது. அந்த நிறுவல் கோப்பை இன்னும் தனியாக வைத்திருக்கிறேன். புதியதுதான் நல்லது என்ற நினைப்பு டிரைவர் விஷயத்தில் எப்போதும் சரியாக வராது.

டிவைஸ் மேனேஜரில் உலாவும்போது பல பொருள்களுக்கு 21-6-2006 என்ற தேதி இருக்கும். பயப்பட வேண்டாம். விண்டோஸோடு வரும் டிரைவர்களுக்கு வேண்டுமென்றே வைத்த தேதி அது. தயாரிப்பாளரின் டிரைவர் எப்போதும் புதியதாகக் கருதப்பட வேண்டும் என்பதற்காக. இது தெரியாமல் ஒரு டிரைவர் அப்டேட்டரை நிறுவினேன். இருபத்துமூன்று டிரைவர் பழசு என்று மிரட்டியது. அன்றே நீக்கிவிட்டேன்.

இன்னொன்று, தினமும் இரவு ஷட் டவுன் செய்தாலும் டாஸ்க் மேனேஜரில் அப் டைம் பதினோரு நாள் என்று காட்டியது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுனில் கெர்னல் முழுசாக இறங்குவதில்லை, டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுகிறது. ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். டிரைவர் மாற்றியபின் நான் ரீஸ்டார்ட்தான் செய்கிறேன்.

ஸ்லீப்பிலிருந்து எழும்போது வைஃபை காணாமல் போகும் தொல்லை ஒன்று இருந்தது. அந்த அடாப்டரின் பவர் மேனேஜ்மென்டில் ஒரு டிக்கை எடுத்தேன், சரியாகிவிட்டது.

கணினி எவ்வளவு நிலையாக ஓடுகிறது என்று பத்துக்கு மதிப்பெண் போடும் ரிலையபிலிட்டி மானிட்டரில் கோடு சில மாதமாகப் பத்திலேயே நிற்கிறது. நோட்டில் கடைசிக் குறிப்பு எட்டு மாதம் பழசு. நேற்று இருபத்தேழாவது கேசட்டின் பி பக்கத்தை ஓடவிட்டேன். நாற்பத்தைந்து நிமிடமும் முழுசாகப் பதிவானது. நடுவில் ஒரு இடத்தில் அம்மா பாட்டை நிறுத்திவிட்டு யாரையோ கதவைச் சாத்தச் சொல்கிறாள். இன்னும் மூன்று கேசட் இருக்கிறது.