விஸ்கான்சினில் ஒரு மான் வெட்டும் கடை: கறிக்கும் போகலாம், கதைக்கும் போகலாம்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மாடிசனிலிருந்து ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் மானை வெட்டக் கொடுக்க வேண்டுமா என்று நம் ஆட்கள் சிலர் கேட்டார்கள். வேண்டும் என்பதுதான் என் பதில். வெட்டு சுத்தம், கணக்கு நேர்மை, கொடுத்த மானின் கறியே திரும்பி வருகிறது. ஆனால் நான் நட்சத்திரம் போடுவது அதற்காக மட்டும் இல்லை. நவம்பர் மாதம் அந்தக் கடை வாசல் வரிசையில் நின்று கேட்கிற பேச்சு இருக்கிறதே, அதற்குத் தனியாகக் காசு வாங்கினாலும் கொடுப்பேன்.

கடை பெயரைப் போடவில்லை. உரிமையாளர்தான் வேண்டாம் என்றார். சீசனில் இப்போதே அவருக்கு மூச்சு விட நேரமில்லை. நெடுஞ்சாலை 14-இல் ரிச்லாண்ட் சென்டர் தாண்டி வைரோகுவா போகிற வழியில், மேடும் பள்ளமுமான அந்தப் பகுதியில் இருக்கிறது. நேரில் கேட்டால் வழி சொல்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. இது மான் கறி விற்கிற கடை இல்லை. இங்கே காட்டு மானின் கறியை விற்பது சட்டப்படி குற்றம். நீங்கள் உரிமம் வாங்கி, வேட்டையாடி, பதிவு செய்து கொண்டுபோகும் மானை உரித்து, வெட்டி, பொட்டலம் கட்டித் தருவார்கள், அவ்வளவுதான். ஊரிலோ மானைத் தொட்டாலே 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். என் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "சத்தமாப் பேசாதடி" என்றார். இங்கே நிலைமையே வேறு. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டை சீசன். 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். 1973-இலோ அதற்கு அப்புறமோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு படித்துத் தேற வேண்டும். நான் மகனோடு உட்கார்ந்து படித்தேன். வகுப்பில் நாங்கள் இருவர் மட்டும்தான் டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்தவர்கள்.

சரி, கடைக்கு வருகிறேன். பின்பக்கம் ஒரு கொட்டகை. பிக்கப் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கி வந்து நிற்கும். மானை இறக்கி, கொக்கியில் மாட்டி, எடை போட்டு, காதில் எண் கட்டுவார்கள். அப்புறம் ஒரு தாளில் எதை ஸ்டேக்காக, எதை ரோஸ்ட்டாக, எதைக் கைமாவாக வேண்டும் என்று குறிக்க வேண்டும். சீசனின் முதல் சனி, ஞாயிறு என்றால் இதற்கே இரண்டு மணி நேரம் காத்திருக்க நேரிடும். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தைக் குறையாகச் சொன்ன ஒருவரையும் அங்கே நான் பார்த்ததில்லை.

எல்லார் வண்டியிலும் மான் கிடக்கிறது. அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதோடு சரி. அதற்கப்புறம் பேச்சு முழுக்கத் தப்பித்துப் போன மானைப் பற்றித்தான். போன வாரம் தப்பியது, போன வருடம் தப்பியது, ரீகன் காலத்தில் தப்பியது. எனக்கு முன்னால் நின்ற பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வண்டியில் நல்ல எட்டு பாயிண்ட் கிடா, அதாவது கொம்பில் எட்டு முனை உள்ள ஆண் மான். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனை எடுத்து, மரத்தில் கட்டிவைத்த கேமராவில் விழுந்த படங்களைக் காட்டிக்கொண்டிருந்தான். இலையுதிர் காலம் முழுக்க ஒரே மான், எல்லாப் படமும் நள்ளிரவில். அதற்குப் 'பூதம்' என்று பெயர் வைத்திருந்தான். சீசன் தொடங்கிய காலையில் பட்டப்பகலில் வந்து நின்றதாம். கை நடுங்கியதில் குண்டு பிர்ச் மரத்தில் பாய்ந்தது. "அந்த மரத்தை வெட்டி வரவேற்பறையில் மாட்டிவிடு" என்றார் பின்னால் நின்ற ஒருவர். சிரிப்பு அடங்க நேரமானது.

பெரிய கதை சொல்பவர் ஒரு முதியவர். கிக்கபூ ஆற்றங்கரையில் 1987-இல் பார்த்த கிடா அது. தலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்து, விரல்களையும் பிரித்துத்தான் கொம்பைக் காட்டுவார். பனிமூட்டம், மான் ஆற்றில் இறங்கி நீந்தி அக்கரை ஏறி, உடம்பை உதறிவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்ததாம். காட்டில் ஒரு கிடா பத்து வயதைத் தொடுவதே அபூர்வம். அந்த மான் செத்து முப்பது வருடமாவது ஆகியிருக்கும். ஆனால் அவர் வாயில் அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. போன வருடம் பன்னிரண்டு பாயிண்ட் என்றார், இந்த வருடம் பதினான்கு. யாரும் மறுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "காற்று எந்தப் பக்கம் அடித்தது?" என்று மட்டும் கேட்டார். அங்கே அதுதான் மரியாதையான கேள்வி. காற்றைப் பற்றிக் கேட்டால் கதையை நம்பியாகிவிட்டது என்று அர்த்தம்.

இது வெறும் பொய் இல்லை, இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. காதை விறைத்து நிற்கிற வெள்ளைவால் கிடாவுக்கு ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனி வரை சுமார் 16 அங்குலம். தூரத்திலிருந்து கொம்பின் அகலத்தை அதை வைத்துத்தான் மதிப்பிடுவார்கள்: காதுக்கு வெளியே இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் தெரிந்தால் 20. அரைகுறை வெளிச்சத்தில், நெஞ்சு படபடக்கும்போது அந்த இரண்டு அங்குலம் நாலாகத் தெரியும். சுட்டு வீழ்த்தி, நடந்து போய்ப் பக்கத்தில் நின்றால் கொம்பு திடீரென்று சிறுத்துப் போயிருக்கும். இதை 'தரையில் சுருங்குவது' என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். தப்பித்த மானுக்கு அந்தக் கண்டமே இல்லை. டேப் வைத்து அளக்க அது தரையில் விழுந்தால்தானே!

கல்லாவுக்குப் பக்கத்தில், ரசீதுப் புத்தகத்துக்கு அடியில், அட்டை பிய்ந்த நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. கடைக்குப் போனால் அதை வாங்கிப் புரட்டாமல் வராதீர்கள். சுவர் முழுக்கச் சுட்ட மான்களின் போட்டோ. நோட்டு தப்பிய மான்களுக்கு. ஸ்கேல் வைத்து நாலு பத்தி போட்டிருக்கிறார்கள்: ஆண்டு, இடம், எத்தனை பாயிண்ட், எப்படித் தப்பியது. வாடிக்கையாளர்களே எழுத வேண்டும். மூன்றாவது பத்தியை நான் நம்பவில்லை, கடைக்காரரும் நம்பவில்லை. நாலாவது பத்தி சத்தியமான உண்மை என்பது வாசித்தாலே தெரியும். 'துப்பாக்கியின் சேஃப்டி பூட்டைத் தள்ளினேன், டிக் என்றது.' 'ஸ்கோப்பில் என் மூச்சுக்காற்று பட்டு மங்கிவிட்டது.' 'தெர்மாஸ் மூடி.' ஒரு வரியில் வெறும் 'மைத்துனன்' என்று மட்டும் இருந்தது, அதற்குக் கீழே இரண்டு கோடு. இன்னொரு பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பட்டு மை கலைந்த எழுத்து: 'அப்பா இருமினார். மான் ஓடிவிட்டது. நான் கோபப்பட்டேன். அதுதான் அவருடைய கடைசி சீசன்.' பாயிண்ட் பத்தியில் அவர் எதுவும் எழுதவில்லை.

இந்தக் கூட்டம் இங்கே கூடுவதற்குக் காரணம் உண்டு. 2015-க்கு முன்பு வரை சுட்ட மானை நேரில் கொண்டுபோய்ப் பதிய வேண்டும். ஊருக்கு ஊர் பெட்ரோல் பங்க், மதுக்கடை, மளிகைக்கடை என்று ஏதாவது ஒன்று பதிவு நிலையமாக இருக்கும். முழு ஊரும் அங்கே போய் நின்று யார் வண்டியில் என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்க்கும். அப்புறம் போனிலும் இணையத்திலும் பதியும் வசதி வந்தது. வசதிதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் நின்று பேச இருந்த இடம் போயிற்று. மானைச் சொந்தமாக வெட்டத் தெரிந்தவர்கள்கூட இந்தக் கடைக்கு ஏன் வருகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கடைக்காரர் அதிகம் பேச மாட்டார். ஆனால் எல்லாரும் ஓய்ந்தபின் ஒரே ஒரு கதையை எடுத்துவிடுவார். இதே மாநிலத்தில், டான்பரி பக்கம், 1914-இல் ஜேம்ஸ் ஜோர்டன் என்பவர் சுட்ட கிடா. தலையைப் பாடம் செய்யக் கொடுத்தார். பாடம் செய்ய வாங்கியவர் ஊரை விட்டே போய்விட்டார், தலையும் போயிற்று. பல பத்தாண்டுகள் கழித்து மினசோட்டாவில் ஒரு பழைய சாமான் விற்பனையில் யாரோ 3 டாலருக்கு அந்தக் கொம்பை வாங்கினார்கள். கொம்பின் நீளம், அகலம், சுற்றளவு, முனைகள் எல்லாம் அளந்து கூட்டிப் போடும் மதிப்பெண் 206 1/8, உலக சாதனை. யார் சுட்டது என்று தெரியாமலே சாதனைப் புத்தகத்தில் இருந்தது. ஜோர்டன் சுட்டதுதான் என்று அந்தச் சாதனைப் புத்தகத்தை நடத்தும் பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் 1978-இல் ஒப்புக்கொண்டபோது அவர் உயிரோடு இல்லை. அதே வருடம்தான் காலமானார். 1993-இல் கனடாவின் சஸ்காச்சுவானில் மைலோ ஹான்சன் சுட்ட 213 5/8 வரும் வரை அந்தச் சாதனையை யாரும் தொடவில்லை. சுட்டு விழுந்த மானும் தப்பிக்கும் என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டப் போய்விடுவார். வரிசை கொஞ்ச நேரம் வாயைத் திறக்காது.

என்னிடமும் கேட்டார்கள், உனக்குத் தப்பியது எது என்று. நான் கொண்டுபோனது பெட்டை மான், கொம்பே கிடையாது. தப்பியது என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. அந்த வரிசையில் என் நிலைமை, கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் சாப்பிட உட்கார்ந்தவள் மாதிரி. நகர்ந்து இடம் மட்டும் கொடுத்தார்கள்.

இனி சமையலுக்கு ஆகிற விஷயம். நம் ஆட்கள் போனதும் கேட்பது, எலும்போடு குழம்புக்கறியாக வெட்டித் தர முடியுமா என்பதுதான். முடியாது என்பார் கடைக்காரர். பிடிவாதம் இல்லை, காரணம் இருக்கிறது. இந்தப் பகுதி மான்களுக்கு சி.டபிள்யூ.டி. (மானை மெலியவைத்துக் கொல்லும் மூளை நோய்) உண்டு. மாநிலத்தில் 2002-இல் முதலில் தெரிந்தது, தெற்கு, தென்மேற்கு மாவட்டங்களில் இப்போது நிறையப் பரவிவிட்டது. மூளை, முதுகுத்தண்டு, நிணநீர்க் கணுக்களில் நோய்க் காரணி அதிகம் இருக்கும். வேகவைத்தால் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் நோய் உள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அரசு ஆலோசனை. அதனால் எலும்பை நீக்கித்தான் தருகிறார், முதுகெலும்பை ரம்பத்தால் அறுப்பதே இல்லை. தலையை இலவசப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். முடிவு வரும் வரை பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். நான் மாடிசனில் ஆட்டு நல்லி எலும்பு வாங்கி மான் குழம்பில் சேர்க்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் இதை மோசடி என்கிறார், ஆனால் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்.

இதே காரணத்துக்காகத்தான் ஒவ்வொருவர் மானையும் தனித்தனியாக வெட்டுகிற கடையாகப் பார்க்க வேண்டும். முன்பு வேறொரு இடத்தில் கொடுத்தோம், பெயர் வேண்டாம். எல்லார் கறியையும் மொத்தமாக அரைத்து எடைக்கு எடை திருப்பிக் கொடுத்தார்கள். இங்கே அப்படி இல்லை. எண் கட்டிய மான், அதே எண் போட்ட பெட்டியில் வருகிறது.

கைமா எழுதும்போது கவனம். மான் கறியில் கொழுப்பு ரொம்பக் குறைவு என்பதால், ஒன்றும் சொல்லாவிட்டால் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்த்து அரைப்பார்கள். வேண்டாதவர்கள் தாளிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். நான் எதுவும் சேர்க்காமல்தான் வாங்குகிறேன். பொட்டுக்கடலை மாவு, சோம்பு, சின்ன வெங்காயம் போட்டு கோலா உருண்டைக்கு அருமையாக வருகிறது. முதுகுத்தசையை மட்டும் குழம்பில் போட்டுக் கொல்லாதீர்கள். மேலே இருக்கிற வெள்ளைச் சவ்வை உரித்துவிட்டு, மிளகும் உப்பும் தடவி, இரும்புக் கல்லில் நெய் விட்டுப் பக்கத்துக்கு மூன்று நிமிடம். தொடைக்கறி சுக்காவுக்கு.

சம்மர் சாசேஜ் (கறியை அரைத்துப் பதப்படுத்திய உருளை) எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளூர்க்காரர்கள் உயிரை விடுகிறார்கள், எனக்கு உப்பும் புளிப்பும் தூக்கலாக இருந்தது. உப்புக்கண்டம் மாதிரி போடுகிற ஜெர்க்கி நன்றாக இருக்கிறது. மகன் பள்ளிப் பையில் ஒளித்துவைத்துத் தின்கிறான். காகிதப் பொட்டலத்தைவிடக் காற்று உறிஞ்சிய பை கொஞ்சம் விலை கூட, ஆனால் அதையே கேளுங்கள்.

குறைகள்: போனை எடுக்கவே மாட்டார்கள். வாசல் முழுக்கச் சேறு, நல்ல செருப்பில் போனால் திரும்பும்போது செருப்பு இருக்காது. கறி கைக்கு வர மூன்று, நாலு வாரம் ஆகும். சாசேஜ் கேட்டால் கிறிஸ்துமஸ் தாண்டும். கார்டு வாங்குவதில்லை. எனக்கு எல்லாம் சேர்த்து 130 டாலர் ஆனது, ஜெர்க்கி தனி.

ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது சாசேஜுக்கு. கூட்டம் வேண்டாம் என்றால் செவ்வாய், புதன் போங்கள், பத்து நிமிடத்தில் வேலை முடியும். சனிக்கிழமை போவதானால் ஐஸ் பெட்டியும் ஒரு பெரிய பிளாஸ்க் காபியும் கொண்டுபோங்கள். காபியை நாலு பேருக்கு ஊற்றினால் கிக்கபூ ஆற்றுக் கதையை முதலிலிருந்து சொல்வார்கள்.